நிமிஷத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வியர்வையில் தொப்பலாக நனைந்த முந்நூறு பேர் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து சிரித்த முகத்தோடு வெளியே வருவதைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? முகூர்த்தம் முடிந்தது, பந்தியில் கரண்ட் போய்விட்டது என்றுதானே. கையில் தாம்பூலப் பைக்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டில் இருப்பதைக் கவனித்தால்தான் விஷயம் வேறு என்று புரியும். பல்லாவரத்தில் இருந்த அந்த மண்டபத்துக்கு இப்போது 'மகரந்தம்' என்று பெயர். மணமேடை இருந்த இடத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும், நடுவில் பிலோமினாவின் மேஜையும் இருந்தன.

பிலோமினாவுக்கு வயது முப்பத்து நாலு. பத்து வருஷம் ரிசப்ஷன்களிலும் கல்லூரி விழாக்களிலும் பாட்டுப் போட்டுப் பழகியவள். இப்போது அவள் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'ஒலிவழி மருந்து இயக்குநர், இரண்டாம் நிலை' என்று அரசாங்க முத்திரையோடு அச்சடித்திருக்கிறது. அரசாங்கம் என்ன பேர் வைத்தால் என்ன, ஊர் வாயில் அவள் டி.ஜே. பிலோதான்.

அட்டைக்குக் காரணம் மொட்டு. மண்டப வாசலில் ஆளுக்கு ஒரு மாத்திரை, நர்ஸ் கண் முன்னால் விழுங்க வேண்டும். சும்மா இருந்தால் அது ரத்தத்தில் சும்மா கிடக்கும். சீரான தாளம் கேட்டு உடம்பு ஆட ஆரம்பித்ததும் விரியும். அப்புறம் கேட்க வேண்டுமா? பக்கத்தில் ஆடுகிற ஆள் பிறந்ததிலிருந்து தெரிந்தவர் ஆகிவிடுவார், முழங்கால் வலி போன இடம் தெரியாது, ஸ்பீக்கரில் விழும் ஒவ்வொரு அடியும் சொந்த நெஞ்சுக்குள்ளிருந்து வரும். கடைசியில், மருந்து கம்பெனி கொடுத்த மூடல் ட்ராக்கை இருபது நிமிஷம் போட்டால் மொட்டு மூடிக்கொண்டு சிறுநீரோடு போய்விடும். பழைய காலத்து போதை மாத்திரை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். இதில் ஏற்றுவதும் இறக்குவதும் டி.ஜே. கையில். அதற்காகத்தான் சட்டம் இதை அனுமதித்தது. ஒவ்வொரு காலையும் 'அனைவருக்கும் மூடப்பட்டது' என்ற சான்றிதழில் டி.ஜே. கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதியும் அதற்காகத்தான்.

பிலோ அன்றைக்கும் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு வழக்கம்போல வாசலில் போய் நின்றாள். மனுஷிக்கு அதில் ஒரு சந்தோஷம். தாம்பரத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது, குரோம்பேட்டையில் ஒன்று இருக்கிறது. அதையெல்லாம் தாண்டி இரண்டரை மாதமாக இங்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள் என்றால் சும்மாவா? முதல் வரிசையில் தோளில் துண்டோடு ஆடும் வசந்தமாலா போகிறபோக்கில் அவள் கன்னத்தைத் தட்டி, "உன் கைராசி யாருக்கும் வராது கண்ணு" என்றாள். தாம்பரம் பக்கம் ஒரு ஏற்றுமதி சட்டைக் கம்பெனியில் வேலை, நாற்பத்தாறு வயது. பத்து மணிக்கு ஓவர்டைம் ஷிப்ட் என்று அவளும் அவளோடு வந்த ஏழெட்டுப் பெண்களும் ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷன் பக்கம் போனார்கள்.

பத்து இருபத்தைந்துக்கு நர்ஸ் குணசுந்தரி கூப்பிட்டாள். முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்தவள். குரலை உயர்த்தவே மாட்டாள், அதனாலேயே எல்லோருக்கும் அவளிடம் ஒரு பயம்.

"எண்பத்தேழாம் நம்பர் கைப்பட்டை திரும்பி வரல. வசந்தமாலா. கட்டிக்கிட்டே போயிட்டா" என்றாள்.

"அடுத்த வாரம் கொண்டு வந்து தருவாங்க சிஸ்டர்."

"பட்டையப் பத்தி நான் பேசல. இதப் பாரு."

ஆடுகிறவர்கள் கையில் கட்டியிருக்கும் பட்டையிலிருந்து நாடித் துடிப்பை வாங்கிக் காட்டும் திரை அது. முந்நூற்றுப் பதினொரு கட்டங்கள் சாம்பல் நிறத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவப்பு. அதில் நூற்று ஐம்பத்து நாலு என்று இருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்று ஐம்பத்தேழு ஆனது.

"ஓடிப் போயிருப்பாங்க. ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு" என்றாள் பிலோ.

"பத்து மணிலேர்ந்து ஒரே எடத்துலதான் இருக்கா. பட்டை எடத்தையும் காட்டுது. கம்பெனிக்குள்ள உக்காந்திருக்கா. உக்காந்திருக்கிற பொம்பளைக்கு எதுக்கு இந்தத் துடிப்பு?" குணசுந்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "பிலோ, மூடல் ட்ராக்க எந்த வேகத்துல போட்ட?"

"எப்பவும் போடறதுதான்."

"எப்பவும் போடறது எவ்வளவு?"

"நூத்திப் பதினெட்டு."

"மருந்து கம்பெனி சீட்டுல நூத்திப் பன்னண்டுன்னு இருக்கு."

"ஐயோ சிஸ்டர், அது அப்படித்தான் எழுதியிருப்பாங்க. ஆட்டத்துக்குப் பாட்டு ஓடுறது நூத்தி இருபத்து நாலுல. அதுலேர்ந்து தொப்புன்னு நூத்திப் பன்னண்டுக்கு வந்தா கால் இடறின மாதிரி இருக்கும். எல்லாரும் நின்னு முழிப்பாங்க. நான் நைசா நூத்திப் பதினெட்டு வரைக்கும் இறக்கி, மூடலையும் அதே வேகத்துக்கு ஏத்தி உள்ள விடுவேன். ஒட்டு எங்க இருக்குன்னு ஒரு ஆளு கண்டுபிடிக்க முடியாது."

சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவிலுள்ள ஒட்டு யார் காதுக்கும் தெரியக் கூடாது என்பது டி.ஜே.க்களுக்கு வேதம். மற்ற மண்டபங்களில் மூடல் ட்ராக்கை அப்படியே தடாலென்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஜனம் சிரித்துக்கொண்டே தடுமாறும். பிலோவுக்கு அதைக் கேட்டாலே உடம்பு கூசும். கம்பெனி கொடுத்த ட்ராக்கில் வேகத்தை மாற்ற முடியாதபடி பூட்டுப் போட்டிருந்தார்கள். அவள் ஒரு நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து அதைத் தன் கையால் நூற்றுப் பதினெட்டில் மறுபதிவு செய்துகொண்டு வந்தாள். ராகம் அதேதான், நீளமும் அதேதான். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

"எத்தன வாரமா?" குணசுந்தரி கேட்டாள்.

"பதினோரு வாரம்."

நர்ஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"மொட்டு மூடறது பாட்டால இல்ல, பிலோ. வேகத்தால. நிமிஷத்துக்கு நூத்திப் பன்னண்டு அடி. அதுக்கு மேல போனா மூடாது, பாதியில நிக்கும். வெளிய பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆட்டம் நின்னு, தண்ணி குடிச்சு, நாலு பேர் பேசினா துடிப்பு தானா இறங்கிடும். பட்டையும் பச்சை காட்டிடும். நானும் பச்சையப் பாத்து அனுப்பிட்டேன். ஆனா அது ராத்திரி வரைக்கும் ரத்தத்துல அரைக்கண்ணு தொறந்துட்டுக் கெடக்கும். அதே மாதிரி ஒரு தாளம் எங்கேயாவது கேட்டா போதும்."

"கம்பெனிக்குள்ள யாரு பாட்டுப் போடுறா?"

"பாட்டு எதுக்கு? மெஷின் போதுமே" என்றாள் குணசுந்தரி.

பிலோவுக்கு நினைவு வந்தது. வசந்தமாலா வேலையைப் பற்றி ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். சட்டைக்கு அழுத்துப் பட்டன் அடிக்கும் மெஷின். துணியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், அது பாட்டுக்கு டொப் டொப்பென்று அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு வரிசைக்குப் பத்து மெஷின், எல்லாம் ஒரே நேரத்தில். நொடிக்கு ரெண்டு என்று பெருமையாகக் கையால் அடித்துக் காட்டினாள். நொடிக்கு இரண்டு என்றால் நிமிஷத்துக்கு நூற்று இருபது.

திரையில் நூற்று அறுபத்து மூன்று ஆகியிருந்தது.

வசந்தமாலாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. உள்ளே போகும்போது போனை கேட்டில் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். கம்பெனி நம்பரில் வாட்ச்மேன் எடுத்து, சூப்பர்வைசர் மெஷின் லைனில் இருக்கிறார், டீ டைமில் பேசுங்கள் என்று வைத்துவிட்டான். டீ டைம் பதினொன்றரைக்கு.

இந்தக் கலவரத்தில் மேனேஜர் நிர்மல் உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினான்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடலாம். ஏப்ரல் மாசம், தகரக் கூரை, வெயில் மயக்கம். அவ்வளவுதான். சர்டிபிகேட்ல மூடியாச்சுன்னு இருக்கு. அதுக்கு மேல நீங்க ஒரு வார்த்தை பேச வேணாம் பிலோ. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வெயில் மயக்கம்னு சொன்னா என்ன பண்ணுவாங்க?" என்று பிலோ கேட்டது குணசுந்தரியை.

"மயங்கி விழுந்திருந்தா பிரஷரை ஏத்துற ஊசி போடுவாங்க. சர்டிபிகேட்டப் பாத்துட்டுத்தான் போடுவாங்க. மூடியிருக்குன்னு எழுதியிருந்தா தைரியமாப் போடுவாங்க. மொட்டு விரிஞ்சு கெடக்கிற உடம்புல அந்த ஊசி போச்சுன்னா இதயம் தாங்காது."

"அப்ப மூடலன்னு சொல்லணும்."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?" என்றான் நிர்மல். "பொய் சான்றிதழுக்கு ஏழு வருஷம். மண்டபத்துக்கு சீல். நீங்க சொல்றது ஒரு ஆளுக்காக. அந்தம்மா தானா சரியாயிடலாம். உங்க பொண்ணு எந்த கிளாஸ் படிக்கிறா, மூணாவதா?"

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். அந்த நிமிஷத்தில் பிலோவும் பயந்தவள்தான், பொய் சொல்லுவானேன். ஏழு வருஷம் என்றால் மகள் பத்தாவது முடிக்கிற வயது. ஆனால் காலையில் கன்னத்தைத் தட்டிய அந்தக் கை அவள் கன்னத்தில் இன்னும் இருந்தது. திரையில் நூற்று அறுபத்தெட்டு.

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டே நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். எதிர்முனையில் ஒரு பெண், உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று சொன்னாள்.

"நல்லதாப் போச்சு, பதிவு பண்ணிக்கோங்க" என்றாள் பிலோ. "என் பேரு மரிய பிலோமினா. மகரந்தம் மண்டபத்து இயக்குநர். இன்னைக்கு நான் கையெழுத்துப் போட்ட மூடல் சான்றிதழ் தப்பு. இன்னைக்கு மட்டும் இல்ல, பதினோரு வாரமா தப்பு. ஒரு அம்மாவுக்கு மொட்டு விரிஞ்சிருக்கு. பிரஷர் ஊசி போடக் கூடாது. வண்டிக்காரங்ககிட்ட சொல்லுங்க, சைரன் போடாம வரணும். சைரன் சத்தமும் ஒரு தாளம்தான்."

நிர்மல் சுவரில் சாய்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மருந்து கம்பெனியோட அசல் ட்ராக்க எடுத்துக்கோ. உன்னுத இல்ல" என்று குணசுந்தரி அவள் பையில் சின்ன ஸ்பீக்கரைத் திணித்தாள். "போன வச்சிடாத. காதுல மாட்டிக்கோ. நான் எண்ணிக்கை சொல்லிட்டே வரேன்."

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கம்மி என்று யார் சொன்னது? குரோம்பேட்டை வரை ஊர்ந்துதான் போக முடிந்தது. காதில் குணசுந்தரியின் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. நூற்று எழுபது. நூற்று எழுபத்தொன்று. சானடோரியம் சிக்னலில் நிற்கும்போது, "நடுவுல நடுவுல விட்டு விட்டு அடிக்குது பிலோ, சீக்கிரம் போ" என்றாள். குணசுந்தரி அவசரம் என்று வாய் திறந்து சொல்லி பிலோ அதுவரை கேட்டதில்லை. சிக்னல் விழுவதற்குள் வண்டியை முறுக்கினாள்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் குறுக்கே கை நீட்டினான். கழுத்து அட்டையில் இருந்த அரசாங்க முத்திரையை அவன் முகத்துக்கு நேரே காட்டி, "மருந்துத் துறை" என்று ஒரு அதட்டுப் போட்டாள். அவன் சல்யூட் அடிக்காத குறையாக வழி விட்டான். அந்த அட்டை நாளைக்கு இருக்காது என்று அவனுக்கு எப்படித் தெரியும்.

உள்ளே போனதும் கால் தானாக நின்றுவிட்டது. சத்தம். பத்து மெஷினும் ஒரே அடியாக அடித்தன. தகரக் கூரை அதைத் திருப்பிக் கொடுத்தது. வெளியாள் யாருக்கும் அது வெறும் இரைச்சல். தாளம் பார்த்தே வயிறு வளர்த்த பிலோவுக்கு அது நூற்று இருபது என்று பாதம் வழியாகவே தெரிந்தது. எந்த டி.ஜே.யாலும் இவ்வளவு சுத்தமாகப் போட முடியாது.

சூப்பர்வைசர் தனசேகர் எதிரே வந்தான். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் நான்கு பேனா.

"வசந்தமாலாவா? அவங்களுக்கு என்ன மேடம்? நல்லா வேலை பாத்துட்டிருக்காங்க. இந்த லைன்லயே அவங்கதான் டாப்."

பிலோ அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். மூன்றாவது மெஷினில் வசந்தமாலா உட்கார்ந்திருந்தாள். சட்டைகள் அவள் கை வழியே வழிந்து போய்க்கொண்டிருந்தன. முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. உதடு மட்டும் நீலம் பூத்திருந்தது. கண் எங்கேயோ இருந்தது. துண்டு நனைந்து சொட்டியது. பக்கத்து மெஷினில் வசந்தமாலாவோடு ஆட வரும் பரிமளா, அதற்கடுத்து காலையில் மண்டபத்தில் ஆடிய மற்ற பெண்கள், எல்லோர் முகத்திலும் அதே மலர்ச்சி. உட்கார்ந்த இடத்தில் தோள்கள் லேசாக ஆடின. ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் வசந்தமாலாவின் இடது கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நகத்தின் நடுவில் ஒரு பட்டன் பதிந்திருந்தது. பளபளவென்று, சட்டையில் அடிக்கிற அதே பட்டன். விரலோடு சேர்த்து மெஷின் அடித்திருக்கிறது. அவள் அந்த விரலாலேயே துணியை நகர்த்திக்கொண்டிருந்தாள். கடைசியாக விழுந்த பத்துப் பதினைந்து சட்டைகளில் வரிசையாக ரத்தம் இருந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை.

பிலோ சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானைப் பளாரென்று அடித்தாள். லைன் நின்றது.

அந்த நிசப்தத்தில் முதலில் கேட்டது வசந்தமாலா சரிந்து விழுந்த சத்தம்தான். பிலோ தாங்கிப் பிடித்துத் தரையில் கிடத்தினாள். மற்ற பெண்கள் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டவர்கள் போல விழித்தார்கள்.

"மேடம், யாரக் கேட்டு லைன நிறுத்துனீங்க?" என்று தனசேகர் ஓடி வந்தான்.

"சத்தம் போட்டா இவங்க சாவாங்க. போய் ஃபேன நிறுத்து. எந்தச் சத்தமும் கூடாது."

அவன் வசந்தமாலாவின் விரலைப் பார்த்தான். போய் ஃபேனை நிறுத்தினான்.

"நூத்தி எழுபத்து நாலு. நாலு அடிக்கு ஒண்ணு தப்புது" என்றது காதில் குரல். "ட்ராக்கப் போடு."

ஸ்பீக்கரைத் தரையில் வைத்து அசல் மூடல் ட்ராக்கைப் போட்டாள். பூட்டுப் போட்ட நூற்றுப் பன்னிரண்டு. மெஷினின் வேகம் உடம்பிலிருந்து இன்னும் போகாத அத்தனை பேருக்கும் அது இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். பிலோவுக்கே காது கூசியது. ஒட்டு என்பதே இல்லை, வெட்டி வைத்த மாதிரி இருந்தது. வேகத்தை ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு ஏற்றினால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று பாழாய்ப்போன அவள் கை பழக்கத்தில் ஸ்பீக்கர் பக்கம் போனது. அதை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிஷம். நூற்று எழுபது. எட்டு நிமிஷம். நூற்று அறுபத்தொன்பது. "எறங்கல சிஸ்டர்" என்றாள். "பொறு" என்றது குரல். வசந்தமாலாவின் கை பிலோவின் கையில் ஐஸாகக் கிடந்தது. தன் வாழ்க்கையில் இதுவரை ஆயிரம் பேரை ஆட வைத்திருக்கிறாள். ஒரு ஆளை நிறுத்துவதற்கு இவ்வளவு கஷ்டமா என்று அழுகை வந்தது. அழுதாள். துடைத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாவது நிமிஷம் குணசுந்தரி, "தப்பல" என்றாள். "இப்ப ஒண்ணும் தப்பல. நூத்தி நாப்பது. எறங்குது பிலோ, எறங்குது."

ஆம்புலன்ஸ்காரர்கள் சைரன் போடாமல் வந்து, சத்தமில்லாமல் நின்று, ஆக்சிஜன் வைத்தார்கள். ஊசிப் பெட்டியை அவர்கள் திறக்கவில்லை. இருபது நிமிஷம் முடியும்போது திரையில் தொண்ணூற்றாறு இருந்ததாம். உதட்டின் நீலம் மறைந்தது.

ட்ராக் முடிந்தது. அந்த அறையில் இருந்த அத்தனை மொட்டும் மூடியிருந்தது. மூடியதை பிலோ கண்ணால் பார்த்தாள். பரிமளா மெல்ல இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி மணிக்கட்டை நீவினாள். வேறொருத்தி செருப்பைக் கழற்றி வீங்கிய காலைப் பார்த்தாள். பத்து மணியிலிருந்து வராமல் இருந்த வலியெல்லாம் சேர்த்து வைத்து இப்போது வந்தது. முகங்கள் ஒவ்வொன்றாகச் சாதாரண முகங்கள் ஆயின.

வசந்தமாலா கண் விழித்து, முதலில் விரலைப் பார்த்தாள். பட்டன் இன்னும் அதில்தான் இருந்தது.

"இது எப்போ?" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு வலியை விழுங்கினாள். அப்புறம்தான் பிலோவைப் பார்த்தாள். "நீ எதுக்கு கண்ணு இங்க வந்த?"

"தப்பு என்னுதுக்கா. மூடல் ட்ராக்க வேகமாப் போட்டுட்டேன். பதினோரு வாரமா உங்க யாருக்கும் சரியா மூடல. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. என்னை மன்னிச்சிடுங்க."

வசந்தமாலாவும் பரிமளாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் ஆச்சரியம் துளியும் இல்லை.

"எங்களுக்குத் தெரியும்" என்றாள் வசந்தமாலா.

"என்னக்கா தெரியும்?"

"மூடலன்னு. மொத வாரமே தெரிஞ்சு போச்சு. அன்னைக்கும் இதே மாதிரி ஓவர்டைம். மெஷின் போட்டதும் அப்படியே கச்சேரி மாதிரி ஆயிடுச்சு. அஞ்சு மணி ஆனதே தெரியல. வீட்டுக்குப் போய் சமைச்சுக்கூடப் போட்டேன், முதுகு வலிக்காம. இவகிட்டச் சொன்னேன். இவ மத்தவங்ககிட்டச் சொன்னா." அவள் மூச்சு வாங்கினாள். "தாம்பரத்துல மண்டபம் இருக்கு. நடந்து போற தூரம். அத விட்டுட்டு ரயிலேறி உன்கிட்ட எதுக்கு வர்றோம்னு நெனச்ச?"

பிலோவிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது, தன் கைராசி. காலையில்கூட வாசலில் நின்று அந்தப் பதிலை நினைத்து மகிழ்ந்திருக்கிறாள்.

"உன் பாட்டும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் வசந்தமாலா, குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில். "எல்லா எடத்துலயும் நல்லாத்தான் போடுறாங்க. ஆனா அங்கெல்லாம் கடைசியில எறக்கி விட்டுடுறாங்க. நீ விட மாட்ட. கைப்பட்டையக்கூட இன்னைக்கு மறந்து வரல கண்ணு. மொட்டு எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாக்கலாம்னுதான் கட்டிக்கிட்டு வந்தேன்."

"உயிர் போயிருக்கும்க்கா."

"போகல இல்ல." சற்று நேரம் கூரையைப் பார்த்தாள். "யாருகிட்டயும் சொல்லிடலையே?"

பிலோ வாயைத் திறப்பதற்குள் ஆம்புலன்ஸ்காரர் கையில் படிவத்தோடு நிமிர்ந்தார். "சான்றிதழ் தப்புன்னு போன் பண்ணது நீங்கதானே மேடம்? போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து ஆள் வர்றாங்க, நீங்க இங்கயே இருக்கணும்னு சொல்லச் சொன்னாங்க."

லைனில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை. ஒருத்தி மட்டும், "உன்ன யாரு கேட்டா?" என்றாள், மிகவும் மெதுவாக. வசந்தமாலா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றி வெளியே கொண்டு போகும்வரை அவள் பிலோவின் பக்கம் திரும்பவே இல்லை.

வாசல் கதவு சாத்தியதும் தனசேகர் கடிகாரத்தைப் பார்த்தான். ரத்தம் பட்ட சட்டைகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னான். மூன்றாவது மெஷினைத் துடைக்கச் சொன்னான். பிறகு எல்லோரும் உட்காருங்கள் என்று பொத்தானைப் போட்டான்.

பத்து மெஷினும் ஒரே அடியாக அடிக்கத் தொடங்கின. பரிமளா துணியை எடுக்காமல், தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அதையே கேட்டாள். இருபது அடி, முப்பது அடி. அவள் தோள் அசையவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த பிலோவிடம், திரும்பாமலே, "மணி என்ன ஆவுது?" என்று கேட்டாள்.

"பன்னண்டாகப் போவுது."

"அஞ்சு மணி வரைக்கும் ஷிப்ட்" என்றாள் பரிமளா. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடுத்த சட்டையை எடுத்தாள்.